பெரிய டயருக்குள் பேலன்சிங் பொடி: போடி, கம்பம் பக்கத்து ஜீப்காரர்களுக்கு

போடி, கம்பம், தேவாரம் பக்கம் ஜீப் வைத்திருப்பவர்கள் பெரிய பட்டன் டயர் (கட்டி கட்டியாக ரப்பர் எழும்பிய டயர்) மாட்டியதும் சந்திக்கிற முதல் தொல்லை இதுதான். மலைமேல் வண்டி சொன்னபடி கேட்கும். கீழே இறங்கி, தேனி தாண்டி ஆண்டிபட்டி ரோட்டில் எழுபதைத் தொட்டதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கும். சக்கரத்தின் கனத்தைச் சுற்றிலும் சமப்படுத்தும் பேலன்சிங் கடைக்குப் போனால் டிஸ்க் (டயர் உட்காரும் உலோகச் சக்கரம்) ஓரத்தில் ஈயக்கட்டியாக அடுக்கி அனுப்புவார்கள். அடுத்த முறை சூரியநெல்லிப் பக்கம் கல்லிலும் சேற்றிலும் ஏறி இறங்கினால் கட்டி உதிர்ந்துவிடும், மறுபடி உதறல். இந்தக் கட்டத்தில்தான் யாராவது வந்து, "டயருக்குள்ள பொடி போட்டுருங்கண்ணே, அப்புறம் ஆயுசுக்கும் பேலன்சிங் கடைப் பக்கமே போக வேண்டாம்" என்பார்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நம்பிக் காசு செலவழித்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். பொடி என்பது டயருக்குள் தளர்வாகக் கிடந்து கனத்தைச் சமப்படுத்தும் சின்னத் துகள்கள். அது வேலை செய்யும், ஆனால் அதற்கு முன்னால் சில வேலை முடித்திருக்க வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். யார் சொல்லியும் எனக்கு ஒழுங்காகக் கிடைக்காத விவரங்கள் இவை. கடை கடையாக அலைந்து சேர்த்தவை.

1. உங்கள் வண்டிக்கு இது தேவைதானா?

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிவிட்டு வீடு திரும்பும் வண்டி என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. கம்பம்மெட்டுப் பாதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த ரோட்டில் முப்பது, நாற்பதுக்கு மேல் யாரும் போவதில்லை. அந்த வேகத்தில் சக்கரத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தாலும் கைக்குத் தெரியாது, பொடியும் அந்த வேகத்தில் பெரிதாக எதையும் செய்யாது.

ஏன் என்றால், பொடி வேலை செய்யும் விதம் அப்படி. சக்கரத்தில் ஒரு இடம் கனமாக இருந்தால், வேகம் கூடக்கூட அந்தக் கனம் சக்கரத்தை மேலும் கீழுமாக இழுத்து அடிக்கும். அந்தத் துள்ளல் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், உள்ளே தளர்வாகக் கிடக்கும் துகள்கள் கனமான இடத்துக்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்து டயரின் உள்சுவரில் படிந்துகொள்ளும். இரண்டு பக்கமும் சமமாகும், உதறல் அடங்கும். மெதுவாகப் போகும்போது அப்படி நகர்த்தும் துள்ளலே இல்லை. ஓரளவு நாற்பது, ஐம்பதுக்கு மேல் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

ஆக, வாரம் ஒருமுறையாவது மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி, அதோடு மலையில் கல்லுரோட்டிலும் ஏறும் வண்டி, டயரும் 31 அங்குலத்துக்கு மேல் என்றால் பொடியைப் பற்றி யோசிக்கலாம். நெடுஞ்சாலை மட்டும் ஓடும் வண்டிக்குச் சாதாரண மெஷின் பேலன்சிங்கே மேல். மெஷின் சக்கரத்தின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்துச் சரிசெய்யும். பொடி மேல் கீழ்த் துள்ளலை அடக்குவதில் கெட்டி. அகலமான சக்கரம் பக்கவாட்டில் தள்ளாடுவதை அடக்குவதில் அந்த அளவுக்குக் கெட்டி இல்லை.

இன்னொன்று. பழைய ஜீப்பில் 6.00-16 டயர், உள்ளே டியூப் என்றால் பொடிப் பேச்சே வேண்டாம். இங்கே எழுதியிருப்பது முழுக்க டியூப்லெஸ் டயருக்கு மட்டும்.

2. பொடி வாங்குவதற்கு முன் வண்டியைப் பாருங்கள்

காசு மிச்சமாகிற இடம் இதுதான். நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்திலேயே உதறல் நின்றுவிடும், பொடிக்கு வேலையே வராது.

முதலில் டிஸ்க்கின் உள்பக்கம். மலையிலிருந்து இறங்கும் வண்டியில் செம்மண் சேறு டிஸ்க்குக்குள் அப்பிக் காய்ந்து கல்லாகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நின்ற வண்டியில் ஒரு பக்கமாக வடிந்து காய்வதால் ஒரே இடத்தில் கால் கிலோ, அரைக் கிலோ சேர்ந்துவிடும். எவ்வளவு நல்ல பேலன்சிங்கையும் அது கெடுத்துவிடும். வாட்டர் சர்வீசில் வெளியே மட்டும் அடிப்பார்கள். சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தைத் தட்டிச் சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள். பிறகு ஒருமுறை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். உதறல் போயிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.

போகவில்லையா? சக்கரத்தின் வட்டத்தைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து தூக்குங்கள். தரையில் ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் ஸ்க்ரூ டிரைவரை நிறுத்தி, அதன் முனை டயரைத் தொடாமல் தொடுவதுபோல் வையுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முனைக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு சுற்றில் கூடிக் குறைவது ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் வட்டம் சரியில்லை. அதே ஸ்க்ரூ டிரைவரை டிஸ்க் ஓரத்தில் வைத்தும் பாருங்கள். டிஸ்க்கும் சேர்ந்து ஆடினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. டிஸ்க் சரியாக இருந்து டயர் மட்டும் ஆடினால், டயர் டிஸ்க்கில் சரியாக உட்காரவில்லை, அல்லது டயரே கோணல். வட்டம் கெட்ட சக்கரத்தில் கிலோக்கணக்கில் பொடி போட்டாலும் உதறல் நிற்காது. கனம் சரியாகும், உருவம் சரியாகாது.

டயர் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்துகொள்ள இன்னொரு வழி: டிஸ்க்கை ஒட்டி டயரின் பக்கச்சுவரில் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கும் டிஸ்க் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே போய் மறைந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. தாண்ட விடாதீர்கள். "இன்னும் கொஞ்சம் அடிச்சா பட்டுனு உக்காந்துரும்" என்று பையன் சொல்வான். அந்தப் பட்டென்ற சத்தத்தில் கை போனவர்கள் உண்டு.

அடுத்தது தேய்மானம். தூக்கிய சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) தேய்ந்திருக்கிறது. இடதும் வலதும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட் (ஸ்டீயரிங் இணைப்புக் கம்பியின் முனை). பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஸ்பிரிங் புஷ்ஷையும் யூ போல்ட்டையும் பாருங்கள். ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன்பக்கம் முழுக்கப் பேய் பிடித்ததுபோல் ஆடி, பிரேக் போட்டு நிறுத்தினால்தான் அடங்குகிறது என்றால் அது பேலன்சிங் கோளாறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கே கொண்டுபோகாதீர்கள், நேராக மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் உதறி, பத்துக் கிலோமீட்டரில் தானாகச் சரியானால் விட்டுவிடுங்கள். நைலான் டயருக்கு அது இயல்பு. நின்ற இடத்தில் தட்டையாகி, சூடேறியதும் பழையபடி உருண்டையாகிவிடும்.

3. டயர் அளவும் காகிதங்களும்

டயருக்குள் போட்ட பொடி வெளியே தெரியாது, அதனால் தடுப்பில் நிற்கும்போது வம்பு அதில் வராது. டயர் அளவில் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரை போகலாம், ஆறு மாதச் சிறைக்கும் வழியிருக்கிறது. மெட்டு தாண்டிக் கேரளாவுக்குள் போனால் அங்கே மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் நம் பக்கத்தைவிடக் கறார். குமுளியிலோ பூப்பாறையிலோ நிறுத்தி டேப் வைத்து அளந்தால் வாதாட ஒன்றும் இருக்காது.

மஞ்சள் போர்டு வண்டிக்கு இன்னும் கவனம் வேண்டும். வாடகை வண்டியைப் பதிவு செய்யும்போதே டயரின் அளவும் பதிவாகிறது. எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போகும்போது அதோடு ஒத்துப்பார்ப்பார்கள். டயர் வாங்குமுன் ஆர்.சி.யில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். 31×10.5 ஆர்15 டயருக்கு 787. ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதல். மீட்டரில் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 67-இல் ஓடுகிறது. கேமரா இருக்கும் ரோட்டில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை:

ஜி.எஸ்.டி. எண்ணோடு டயர் பில். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. பழைய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டால் கேளுங்கள்.

டயரின் வாரண்டி கார்டு. அதோடு, "உள்ளே பேலன்சிங் பொடி போட்டால் வாரண்டி நிற்குமா?" என்று டீலரிடம் வாங்கும்போதே கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்ன "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணே" பிறகு உதவாது.

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணின் போட்டோ. 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. இரண்டு வருஷம் கடையில் வெயிலில் கிடந்த டயரைப் புதுசு என்று தள்ளிவிடுவது இந்தப் பக்கம் சகஜம்.

பொடியை வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தால் சுங்கத்துக்கு உங்கள் ஆதார் அல்லது பான் நகல் கேட்பார்கள். கேட்ட அன்றே கொடுக்காவிட்டால் பார்சல் அங்கேயே கிடக்கும்.

4. எந்தப் பொடி, எவ்வளவு?

இந்த வகையில் உலகம் முழுக்கப் புழங்குபவை மூன்று மாதிரி. கவுண்டரேக்ட் போன்றவை உருண்டையான கண்ணாடி மணிகள். டைனா பீட்ஸ் சின்னச் சின்னப் பீங்கான் மணிகள். ஈக்வல் போன்றவை பாலிமர் பொடி, தொட்டால் ரவை மாதிரி இருக்கும், லாரி டயரில் நீண்ட காலமாகப் புழங்குவது. எனக்குக் கண்ணாடி மணிதான் பிடிக்கும். வால்வு வழியாகச் சுலபமாக இறங்கும், ஈரம் பட்டுக் கட்டினாலும் மற்றதைவிட லேசில் பிரிந்துவிடும். நம் ஊர்ப்பக்கத்து ஈரக்காற்றுக்கு அது முக்கியம்.

அளவைத் தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் டயர் சைஸைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பட்டியல் பெரும்பாலும் அவுன்சில் இருக்கும். ஒரு அவுன்ஸ் 28 கிராம். 31 முதல் 33 அங்குல டயருக்குப் பொதுவாக 150 முதல் 225 கிராமுக்குள் வரும். கைக்கணக்கு வேண்டாம், எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். முன் அச்சில் இரண்டுக்கும் ஒரே அளவு, பின் அச்சிலும் அப்படியே. "கூடப் போட்டா கூட நல்லது" என்பது தப்பு. தேவைக்கு மேல் போட்டது உள்ளே சும்மா உருண்டு சூட்டைக் கிளப்பும்.

சைக்கிள் பால்ரஸ், ஆற்றுமணல், சல்லடையில் சலித்த கிரஷர் தூள் என்று போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரும்பு துருப்பிடிக்கும், மணல் உள்சுவரை அரம் போட்டதுபோல் தேய்த்துவிடும். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பதே அந்த உள்சுவரின் மெல்லிய ரப்பர் படலம்தான். அது போனால் டயர் போயிற்று.

பஞ்சர் ஆகாமல் இருக்க ஊற்றும் திரவம் ஏற்கெனவே உள்ளே இருந்தால் பொடி போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து களியாகி ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். ஒன்று அது, இல்லை இது.

காற்றழுத்த சென்சார் உள்ள புது வண்டி என்றால், அந்த சென்சாரோடு ஒத்துப்போகும் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் வேறு பொடி பாருங்கள்.

5. செலவு

மெஷின் பேலன்சிங் நான்கு சக்கரத்துக்கும், கட்டியோடு சேர்த்து, நம் பக்கம் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெரிய டயருக்குக் கட்டி கூடுதலாகத் தேவைப்படும், கிராம் கணக்கில் காசு வாங்கும் கடையில் பில் ஏறும், அவ்வளவுதான்.

பொடியில் செலவு மூன்றாகப் பிரியும். பொடியின் விலை, கூரியரும் சுங்கமும், கடைக்கூலி. வெளிநாட்டுப் பொடியை வரவழைத்து ஐந்து சக்கரத்துக்கும் போட்டால் மொத்தம் ஒரு நல்ல புது டயரின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஸ்டெப்னிக்குப் போடாமல் விட்டால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். ஸ்டெப்னியில் அறுபதுக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் நானும் விட்டுவிடத்தான் சொல்வேன்.

இதோடு சேர்க்க மறப்பவை: வடிகட்டி வைத்த வால்வு பின் (வால்வுக்குள் காற்றை அடைக்கும் சின்ன ஊசி; வடிகட்டி பொடியை வெளியே விடாது), சக்கரத்துக்கு ஒன்று. பழைய ரப்பர் வால்வு வெடித்திருந்தால் புது வால்வு. வால்வு பின்னைப் பொடியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், தனியாகத் தேடினால் தேனியிலும் கிடைக்காது.

புது டயர் போடும் அன்றே பொடியையும் போட்டால் கழற்றி மாட்டும் கூலி ஒருமுறைதான். டயரை இன்று வாங்கி, பொடி அடுத்த மாதம் வந்தால் கூலி இரட்டிப்பு. ஆகவே பொடி கைக்கு வந்தபிறகு டயருக்குப் போங்கள்.

6. எப்போது, எங்கே?

ஜனவரியிலிருந்து மே வரை நல்லது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை குமுளிப் பக்கம் பிடித்துவிட்டால், பிறகு ஐப்பசி, கார்த்திகை முடியும்வரை காற்றிலேயே தண்ணீர் இருக்கும். வேறு வழியில்லாமல் மழைக்காலத்தில் செய்ய வேண்டியிருந்தால் மலைமேல் செய்யாதீர்கள், கீழே இறங்கித் தேனியிலோ சின்னமனூரிலோ செய்யுங்கள்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையைப் பார்க்காமல் கம்ப்ரசரைப் பாருங்கள். தொட்டியின் அடியில் ஒரு குழாய்த் திருகு இருக்கும். "அண்ணே, அதைக் கொஞ்சம் திறந்து விடுங்க" என்று கேளுங்கள். காற்று மட்டும் சீறி வந்தால் நல்ல கடை. துருத்தண்ணீர் கொட்டினால் அந்தத் தண்ணீர்தான் இத்தனை நாளும் எல்லார் டயருக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது. முழுக்க வடியும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் நைட்ரஜன் உள்ள கடைக்குப் போங்கள். நைட்ரஜனில் வேறு பெரிய அதிசயம் இருப்பதாக நான் நம்பவில்லை. ஈரம் இல்லாதது என்ற ஒரு காரணத்துக்காக இந்த வேலைக்கு அது உசத்தி.

நேரமும் பாருங்கள். விடியற்காலையில் தோட்டத்து ஜீப்புகளின் காற்றுப் பிடிக்கும் கூட்டம், நாலு மணிக்கு மேல் அவை திரும்பி வரும் கூட்டம். காலை பத்து மணி வாக்கில் போனால் பையனுக்கும் பொறுமை இருக்கும். ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

7. போடும் முறை

டிஸ்க்கில் இருக்கும் பழைய ஈயக்கட்டிகள் எல்லாவற்றையும் முதலில் பிடுங்கிவிடுங்கள். ஒட்டுக்கட்டி டிஸ்க்கின் உட்புறம் ஒளிந்திருக்கும், தடவிப் பாருங்கள்.

டயரைக் கழற்றியதும் உள்ளே கைவிட்டுத் துடையுங்கள். வெளியே அடுக்கி வைத்திருந்த டயர் என்றால் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும். ஈரமே இருக்கக் கூடாது, சந்தேகம் இருந்தால் வெயிலில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். டிஸ்க்கில் டயர் உட்காரும் விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர். நம் கடைகளில் பிரஷ்ஷை வாளியில் முக்கி உள்ளும் புறமும் அபிஷேகம் செய்வது வழக்கம். "விளிம்புல மட்டும், கொஞ்சமா" என்று பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள். இந்த இடத்தில் டீ குடிக்கப் போகாதீர்கள்.

டயரின் ஒரு பக்க விளிம்பு டிஸ்க்கில் ஏறியதும், மறுபக்கம் ஏறுமுன், நிறுத்து வைத்த பொடியை டயரின் அடிப்பகுதியில், நடுவில் கொட்டுங்கள். விளிம்பில் ஒரு துகள்கூடப் படக் கூடாது. அங்கே மாட்டிக்கொண்டால் காற்று மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும், எங்கிருந்து போகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. கொட்டியபின் சக்கரத்தை அதிகம் உருட்டாமல் மறுபக்கத்தை ஏற்றிக் காற்று அடியுங்கள்.

டயர் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது, கழற்ற மனமில்லை என்றால் வால்வு வழியும் ஒன்று உண்டு. கண்ணாடி மணிக்கும் பீங்கான் மணிக்கும் மட்டும் இதைச் செய்யுங்கள், பாலிமர் பொடி வால்விலேயே அடைத்துக்கொள்ளும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குங்கள். வால்வின் உள்துளையை உலர்ந்த துணித்திரியால் துடையுங்கள். அமுக்கும் பாட்டிலில் மணியைப் போட்டு, நுனியில் ஒரு சின்ன டியூபை மாட்டி, வால்வில் சொருகி, தட்டித் தட்டி இறக்குங்கள். பொறுமை வேண்டும். அடைத்தால் குச்சி வைத்துக் குத்தாதீர்கள், டியூபைக் கழற்றி உதறிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

எந்த வழியில் போட்டாலும், வடிகட்டி வால்வு பின்னை மாட்டுமுன் ஒரு நொடி காற்றை அடித்து வால்வில் தங்கிய துகளை உள்ளே தள்ளுங்கள். சாதாரண வால்வு பின்னையே மறுபடி மாட்டினால், காற்று இறக்கும் ஒவ்வொரு தடவையும் பொடி வாய்க்கு வரும், வால்வு ஒழுங்காக மூடாது.

8. ஓட்டிப் பார்ப்பது

கடையில் கடைசியாக ஒரு தடவை மெஷினில் ஏற்றிப் பார்க்கிறேன் என்பார்கள். வேண்டாம். மெஷினில் சக்கரம் துள்ள இடமில்லாமல் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும், பொடி தன் இடத்துக்கு நகராது. ஒவ்வொரு சுற்றுக்கும் மெஷின் ஒவ்வொரு கணக்குக் காட்டும், அதை நம்பி மறுபடி கட்டி ஒட்டிவிடுவார்கள்.

தேனியிலிருந்து ஆண்டிபட்டி நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85-இல் போக்குவரத்துக் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள். வேகம் ஏறும்போது முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே லேசான உதறல் வந்து மறையலாம், அது பொடி இடம் தேடுவது. கடுமையாகப் பிரேக் போட்டாலோ குழியில் அடித்தாலோ பொடி கலைந்து சில நொடி உதறும், பிறகு தானாக அடங்கும். இந்த இரண்டும் பொடியின் சுபாவம். இதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் ஈயக்கட்டிக்கே திரும்பிவிடலாம், வெட்கம் ஒன்றும் இல்லை.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியும் எண்பதில் உதறல் மாறாமல் இருந்தால் பொடியைக் கூட்டாதீர்கள். இரண்டாவது தலைப்புக்குத் திரும்புங்கள். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள். உதறல் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு மாறினால் கோளாறு அந்தச் சக்கரத்தில். மாறாவிட்டால் வண்டியில்.

மறுநாள் காலை வண்டியை எடுக்குமுன் நான்கு டயரிலும் காற்றை அளந்து எழுதி வையுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி. ஒன்றில் மட்டும் நான்கைந்து பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தால் விளிம்பில் பொடி மாட்டியிருக்கிறது. கழற்றித் துடைத்து மாட்டத்தான் வேண்டும்.

9. பிறகு வரும் தொல்லைகள்

மேட்டில் ஏறக் காற்றைக் குறைக்கும்போது வால்வு மேலே, கடிகாரத்தின் பன்னிரண்டு மணி இடத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். நிறுத்தியதும் இறக்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள், பொடி அடியில் படியட்டும். 15 பி.எஸ்.ஐ. வரை இறக்கிச் சேற்றில் உழுதால் விளிம்பு லேசாக விலகித் தண்ணீர் உள்ளே போக வாய்ப்பு உண்டு. அப்படி ஓட்டிய பிறகு நெடுஞ்சாலையில் புதிதாக உதறல் வந்தால் பொடி நனைந்து கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர்தான் பெரிய தலைவலி. ஆணியைப் பிடுங்கிக் கயிறு சொருகும் வேலை என்றால் சிக்கல் இல்லை. டயரைக் கழற்ற வேண்டி வந்தால், விவரம் தெரியாத பையன் உள்ளே வெள்ளையாக எதையோ பார்த்து, காற்றுக் குழாயை வைத்து ஒரே ஊது. இரண்டாயிரம் ரூபாய் பூப்பாறைக் காற்றில் கலந்துவிடும். டிஸ்க்கில் வால்வை ஒட்டி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: தமிழில் "உள்ளே பொடி இருக்கிறது, ஊதாதே" என்றும், மெட்டுக்கு அந்தப் பக்கத்துக்காக மலையாள எழுத்தில் "அகத்து பொடியுண்டு, ஊதருது" என்றும். கழற்றும்போது சுத்தமான பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டி ஒரு டப்பாவில் சேர்த்து, நிறுத்துப் பார்த்துக் குறைந்த அளவை மட்டும் சேர்த்து மறுபடி போடலாம். கட்டியாகியிருந்தாலோ ரப்பர்த் தூளோடு கறுத்திருந்தாலோ எறிந்துவிடுங்கள். ஒரு சக்கரத்துக்குப் போதுமான பொடியும் இரண்டு வடிகட்டி வால்வு பின்னும் டேஷ்போர்டுக்குள், ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் எப்போதும் இருக்கட்டும். மெட்டு ஏறிவிட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அலைன்மென்ட் பார்க்கக் கொடுக்கும்போதும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பேலன்சிங் மட்டும் தொடாதீர்கள் என்று. அலைன்மென்டோடு பேலன்சிங் இலவசம் என்று கூப்பிடும் கடைகளில் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.